அமெரிக்க மேற்கும் நமது ஊவாவும்

குதிரைமீது ஒரு வீரன், தோளிலே துப்பாக்கி, முன்னே முடிவில்லாத புல்வெளி, பின்னே வெண்துணி போர்த்த வண்டிகளின் வரிசை. இவை ஒரு புத்தகத்தின் அட்டையில் வந்துவிட்டாற் போதும். நம் இளைஞர் பசியையும் மறந்து அதில் ஆழ்ந்துவிடுவர். அமெரிக்க மேற்றிசையின் சாகசக் கதைகளுக்கு உலகெங்கும் அத்தகைய வசிய சக்தி உண்டு. பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் பயிலும் மாணவரும் இதற்கு விலக்கல்லர். இதில் தவறொன்றும் இருப்பதாக நாம் கருதவில்லை. வாசிப்புப் பழக்கம் பெரும்பாலும் சாகசக் கதையிலேதான் ஆரம்பமாகிறது. அறநூலில் ஆரம்பமாவது அரிது.

ஆனால் அக்கதைகளை ஆவலோடு வாசிக்கும் மாணவன் அறியாத செய்தி ஒன்று உண்டு. அவன் அமர்ந்திருக்கும் மலைச்சாரலும் ஒரு காலத்தில் அத்தகைய 'மேற்கு'தான். அடர்ந்த காடு, வேட்டைக்காரர், கிளர்ச்சி, கைமாறிய நிலம், மலையைக் குடைந்து வந்த புகையிரதம், சில ஆண்டுகளிலே செல்வந்தரானோர், ஒரே நோயினால் ஓட்டாண்டியானோர் என எல்லாம் இங்கேயும் உண்டு. இவற்றைக் கூறும் நூல்களும் உள. அந்நூல்களை அமெரிக்க நூல்களின் பக்கத்தில் வைத்துப் படித்தால், கதை ஒன்றுபோலவே இருப்பதையும், ஓரிடத்தில் மாத்திரம் பெரிதும் வேறுபடுவதையும் காணலாம். அந்த வேறுபாட்டைப் பற்றியே இங்கு சொல்ல விரும்புகிறோம்.

முதலில் வேட்டைக்காரரைப் பார்ப்போம். பதுளை நகரிலே புனித மாற்கு தேவாலயம் உள்ளது. 1857ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்ட இவ்வாலயம், மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற அதிகாரியின் ஞாபகார்த்தமாக அவருடைய நண்பர்களும் அபிமானிகளும் பணம் திரட்டி எழுப்பியது. ரொஜர்ஸ் பதுளையின் உதவி அரசாங்க அதிபர். மாவட்ட நீதிபதியும் அவரே. ஊவாவின் பாதைகளை அமைப்பதில் முன்னின்றவரும் அவரே. எனினும் சரித்திரம் அவரை நினைவில் வைத்திருப்பது வேறொரு காரியத்துக்காக. அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் 1,400க்கு மேல் என்று சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் எழுதுகிறார். 1845 ஜூன் 7ஆம் நாள், ஹப்புத்தளை ஓய்வு விடுதியில் தங்கியிருந்த ரொஜர்ஸ், இடிமழை ஓய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தாழ்வாரத்துக்கு வந்தபோது மின்னல் தாக்கி மாண்டார். அவருடைய உடல் நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறையின் மீதும் மின்னல் விழுந்தது என்பர். யானைகளின் சாபம் என்பாரும் உளர். மக்கள் இவ்வாறு கதை கட்டியதிலே ஒரு நியாயம் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

யானையைக் கொல்வது அக்காலத்தில் குற்றமாகக் கருதப்படவில்லை. அரசாங்கமே தலைக்குச் சில ஷில்லிங் வீதம் சன்மானம் கொடுத்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் 3,500 யானைகளும், தென்மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000 யானைகளும் மடிந்தன என்று அதே டெனன்ட் கணக்குத் தருகிறார்.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். கன்சாஸ் சமவெளியில் இருப்புப்பாதை போட்ட தொழிலாளருக்கு இறைச்சி கொடுப்பதற்காக, 18 மாதங்களில் 4,280 காட்டெருமைகளைச் சுட்டதாகக் கூறிக்கொண்டார் வில்லியம் கோடி. 'பஃபலோ பில்' என்று நம் மாணவர் அறிந்த வீரர் இவரே. 1883இல் தம் வாழ்க்கையையே ஒரு கண்காட்சியாக்கி ஊர் ஊராக நடத்தவும் தொடங்கினார். கோடிக்கணக்கில் மேய்ந்த அக்காட்டெருமைகள், 19ஆம் நூற்றாண்டு முடியுமுன்பே ஆயிரத்துக்கும் குறைந்துவிட்டன. ரொஜர்ஸையும் கோடியையும் அருகருகே நிறுத்தினால், யார் யாருக்கு அண்ணன் என்று சொல்வது கடினம்.

ஆயினும் அமெரிக்க இலக்கியத்தில் இதற்கு ஒரு மறுப்புக் குரல் வெகு முன்னதாகவே எழுந்துவிட்டது. ஜேம்ஸ் பெனிமோர் கூப்பர் 1823இல் எழுதிய 'முன்னோடிகள்' என்னும் நாவலில், குடியேறிய மக்கள் வானத்தை மறைத்துப் பறக்கும் புறாக்கூட்டத்தை விளையாட்டாகச் சுட்டுக் குவிக்கின்றனர். அதைக் கண்டு மனம் வெதும்புகிறவன் யார்? காட்டிலேயே வாழ்ந்து முதிர்ந்த வேட்டைக்காரன் நாட்டி பம்போ. தேவைக்கு ஒரு பறவையை வீழ்த்துவது வேறு, தேவையின்றிக் குவிப்பது வேறு என்பது அவனது கொள்கை. அந்தப் புறா இனத்தின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி மிருகக்காட்சிச் சாலைக் கூண்டிலே இறந்தது. கூப்பரின் நடை இன்றைய வாசகருக்குச் சற்று நீளமாகவே இருக்கும். அதற்காக அவரைத் தள்ளிவிடலாகாது.

ஊவாவை உலகப் புகழ் பெறச் செய்த வேட்டை நூல் சாமுவேல் பேக்கர் எழுதியது. பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று, 1864இல் அல்பேர்ட் ஏரியைக் கண்டவர் இவரே. அதற்கு முன் நுவரெலியாவிலே சில ஆண்டுகள் குடியிருந்து, அங்கிருந்து நாலா திசையிலும் வேட்டைக்குச் சென்றார். ஊவாவின் கீழ்ச்சரிவிலே, வேடுவர் வாழ்ந்த புல்வெளிக் காடுகளில் அவர் அலைந்த பிரயாணங்கள், 1854இல் வெளிவந்த 'இலங்கையில் துப்பாக்கியும் வேட்டைநாயும்' என்ற நூலில் இடம்பெறுகின்றன. படிக்கத் தொடங்கினால் கீழே வைக்க மனம் வராது. காலை மூடுபனியும் மானின் ஓட்டமும் வேட்டைநாய்களின் குரலும் கண்முன் நிற்கும். நூலின் குறை அதன் எழுத்திலே இல்லை. அது யாருடைய கண்ணால் பார்க்கிறது என்பதிலேதான் இருக்கிறது. துப்பாக்கி ஏந்திச் சென்ற ஓரிருவருக்கு அதில் பெயர் உண்டு. கூடாரத்தையும் அரிசியையும் குப்பிகளையும் தலையில் சுமந்து மலையேறியவர்களோ பெரும்பாலும் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இதே வேளையில் அமெரிக்காவில் வெளிவந்த வேட்டைக் கதை ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஹெர்மன் மெல்விலின் 'மோபி டிக்' 1851இல் அச்சேறியது. வெள்ளைத் திமிங்கிலம் ஒன்றைப் பழிவாங்கக் கடலெல்லாம் துரத்தும் கப்பல் தலைவன் ஏகாப்பின் கதை அது. ஆனால் கதையைச் சொல்பவன் ஏகாப் அல்லன். கூலிக்குக் கப்பலேறிய சாதாரண மாலுமி. ஈட்டி எறிபவன் தென்கடல் தீவொன்றைச் சேர்ந்தவன். அவனுக்குப் பெயரும் உண்டு, குணமும் உண்டு, மானமும் உண்டு. வேட்டைத் தலைவனே பேனாவைப் பிடித்திருந்தால் அந்நூல் வேறாக இருந்திருக்கும். பேக்கரின் சுமைகாரர்களில் ஒருவன் எழுதியிருந்தால் ஊவா நூலும் வேறாகத்தான் இருந்திருக்கும்.

வேட்டைக்காரர் வருமுன் ஊவா வெறுங்காடாகக் கிடந்தது என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. சரித்திர நூல்களை நாம் பரிந்துரைப்பது இதற்காகவே. 1817இல் ஊவாவிலும் வெல்லசையிலும் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக மூண்ட கிளர்ச்சி, 1818 முழுவதும் கொழுந்துவிட்டெரிந்தது. ஊவாவின் திசாவையாகிய கெப்பெட்டிபொல, கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டுக் கிளர்ச்சிக்காரருடனேயே சேர்ந்துகொண்டவர். 1818 நவம்பர் 26ஆம் நாள் கண்டியிலே சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோடு எடின்பரோவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1954இல்தான் நாடு திரும்பியது. வீடுகளும் வயல்களும் எரிந்துபோன ஊவாவின் நிலையை, அதன்பின் அங்கு பிரயாணம் செய்த வைத்தியர் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் காணலாம். கூப்பரின் நாவல்களில் அமெரிக்கப் பூர்வகுடியினர் பின்வாங்கிச் செல்வதைப் படித்துக் கண்ணீர் விடும் மாணவர், டேவியையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

அடுத்தது நிலம். மேலே நாம் குறிப்பிட்ட வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க மேற்குக் கதைகளின் உயிர்நாடி, குடியேறுகிறவனுக்கு நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கை. 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டம் அதற்கு வழி செய்தது. 160 ஏக்கர் நிலத்தில் ஐந்தாண்டு தங்கி உழுது பயிரிட்டால், சிறு கட்டணத்தோடு அந்நிலம் அவனுக்கே சொந்தம். அந்நிலம் பூர்வகுடியினரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை மறக்கலாகாது. எனினும், காட்டைத் திருத்தியவன் காணிக்காரனானான் என்பது அக்கதைகளின் முடிவு. நமது மலையிலோ, முடிக்குரிய நிலம் என்று பிரகடனஞ் செய்யப்பட்ட காடுகள் ஏக்கர் 5 ஷில்லிங்குக்குத் தோட்டச் சொந்தக்காரருக்கு விற்கப்பட்டன. 1844இல்தான் அவ்விலை ஒரு பவுணாக உயர்ந்தது. காட்டை வெட்டியோரில் கிராமத்துச் சிங்களவர் பலர். கோப்பி நட்டு, களை பிடுங்கி, பழம் பறித்தோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர். மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, அதற்கப்பால் மலைகளைக் கடந்து ஊவாவை அடைந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே விழுந்தோர் ஆயிரக்கணக்கினர். அமெரிக்க வண்டிப்பாதையின் துயரங்களைப் பற்றி நூற்றுக்கணக்கான நாவல்கள் உள. இந்த மன்னார்ப் பாதைக்கோ நெடுங்காலம் ஒரு நாவல்கூட இல்லை. கரைந்தவர்களுக்கு ஓர் ஏக்கரும் கிடைக்கவில்லை. ஒரு கதையும் கிடைக்கவில்லை.

1869ஆம் ஆண்டை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டு மே 10ஆம் நாள் அமெரிக்காவின் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த இருப்புப்பாதைகள் யூட்டா பிரதேசத்தில் ஒன்று சேர்ந்தன. பழைய மேற்கின் முடிவு அன்றே தொடங்கிற்று எனலாம். அதே ஆண்டில் பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடிபோல ஒரு நோய் காணப்பட்டது. முதலில் எவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அதுவே இலங்கையின் கோப்பித் தொழிலை இருபதாண்டுக்குள் அடியோடு அழித்த பூஞ்சண நோய். இனி மூன்றாவது விசேஷத்தைக் கேளுங்கள். அதே 1869இல்தான் ஆபிரகாம் ஜோசப் என்பார் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. கோப்பி பயிரிடும் முறையைக் கும்மிப் பாட்டாக எடுத்துரைக்கும் இந்நூல், மலையகத்தில் எழுந்த தமிழ் நூல்களுள் முதன்மையானது என்று ஆராய்ச்சியாளர் போற்றுவர். பயிருக்கு எமன் வந்து சேர்ந்த ஆண்டிலே, பயிரிடுவது எப்படி என்று தமிழில் பாட்டு வந்தது! பார்வையோ தோட்டத்துரையின் பார்வைதான்; உழைப்பவரின் நெஞ்சை அதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அதற்கு, பிற்காலத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைத்தான் நாட வேண்டும்.

கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1890இல் ஹப்புத்தளைக்கு மேலே தம்பத்தன்னைத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டனுக்கும் அமெரிக்கத் தொடர்பு உண்டு. கிளாஸ்கோவின் ஏழைச் சிறுவனாகிய அவர் 1865ஐ ஒட்டி அமெரிக்காவுக்குக் கப்பலேறி, வேர்ஜீனியாவின் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலினாவின் நெல் தோட்டத்திலும் வேலை பார்த்தார். அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. பின்னர் நியூயோர்க் கடையொன்றில் வியாபார நுட்பங்களைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். அவர் தோட்டம் வாங்கிய பின் 1893இல் ஹப்புத்தளைக்கும், 1924இல் பதுளைக்கும் புகையிரதம் வந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணக் கூட்டம் கூட்டமாக வரும் உல்லாசப் பிரயாணிகள், அதன்வழியே இறங்கிய தேயிலைப் பெட்டிகளையும் நினைத்துப் பார்க்கிறார்களா என்பது நமக்கு ஐயமே.

அமெரிக்கத் தோட்டங்களைப் பற்றிச் சொல்லும்போது ஹரியட் பீச்சர் ஸ்டோவின் 'தொம் மாமாவின் குடிசை' நினைவுக்கு வராமலிராது. 1852இல் நூலாக வெளிவந்து, ஓராண்டுக்குள் அமெரிக்காவில் மாத்திரம் மூன்று இலட்சம் பிரதிகள் விற்ற நாவல் அது. ஆயின், அதைப் படித்துவிட்டு நமது தோட்டத் தொழிலாளரும் அடிமைகளே என்று கூறிவிடுவது சரித்திரப் பிழையாகும். இலங்கையில் அடிமை முறை 1844இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இங்கு வந்தோர் விலைக்கு வாங்கப்பட்டவர் அல்லர். அவர்களைப் பிணித்தது சங்கிலியன்று, கடன். கங்காணி கொடுத்த முற்பணம், அதன்மேல் வழிச்செலவு, அதன்மேல் அரிசிக் கணக்கு என்று ஏறிய கடன் தீரும்வரை, தோட்டத்தை விட்டுப் போவதற்கு வேண்டிய 'துண்டு' கிடைக்காது. துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. ஸ்டோவைவிட, 1939இல் ஜோன் ஸ்டைன்பெக் எழுதிய 'கோபத்தின் கனிகள்' நமக்கு நெருக்கமான நாவல் என்பது நமது அபிப்பிராயம். புழுதிக்கும் கடனுக்கும் நிலத்தை இழந்து, கலிபோர்னியாவின் பழத்தோட்டங்களை நோக்கிச் செல்லும் ஒரு குடும்பம், கூலி குறையக் குறையத் தன் மானத்தைக் காத்துக்கொள்ளப் படும் பாடு அதில் உள்ளது. அதிலே வரும் தாயைப் போன்ற தாய்மார் ஒவ்வொரு லயத்திலும் உண்டு.

அந்தக் குடும்பத்தின் பயணத்தைப் படிக்கும்போது, நம் மக்களின் திரும்புபயணமும் நெஞ்சில் எழும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவரானோரைப் பங்கிட்டுக்கொள்ள, 1964 அக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் உடன்படிக்கை செய்துகொண்டன. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பது என்பது அதன் கணக்கு. மலையிலிருந்து தலைமன்னாரை நோக்கிச் சென்ற அப்புகையிரதத்தை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். எஞ்சியோர் யாவருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

தோட்டத்திலே 'பேர்' என்ற சொல்லுக்கு ஒரு தனிப் பொருள் உண்டு. ஒரு நாள் வேலைக்குச் செக்றோலிலே பதியப்படும் கணக்கே பேர். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். காலைப் பெரட்டில் நின்று, மாலைவரை மலையேறி இறங்கிய ஒரு தாய்க்கு அன்று பேர் விழுந்ததா, அரைப்பேர் விழுந்ததா என்பதே வீட்டில் எழும் கேள்வி. வேட்டை நூல்களிலே பெயரில்லாதவர்களாய் இருந்தவர்களுக்குக் கணக்குப் புத்தகத்திலும் கிடைத்தது இந்தப் பேர்தான்.

இவர்களைக் கதையிலே பெயர் சொல்லி அழைக்கத் தமிழ் நாவலும் சிறுகதையும் சற்றுத் தாமதித்தே வந்தன. 1930களில் புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தோட்டத்தைக் களமாக்கினார். அது தமிழ்நாட்டிலிருந்து பார்த்த பார்வை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வெளிவந்தது. ஊவாவின் உள்ளேயிருந்து எழுந்த குரல் என்றால், தெளிவத்தை ஜோசப்பையே முதலில் சொல்ல வேண்டும். 1934இல் பதுளைப் பகுதியின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தந்தையார் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியர். ஒற்றை அறையிலே ஒரு குடும்பம் முழுவதும் படுத்தெழும் அவலத்தை 'மீன்கள்' என்ற சிறுகதையில் அவர் சொல்லியிருக்கும் விதம், படித்தவர் மனத்தைவிட்டு அகலாது. கூச்சமும் குற்ற உணர்வும் கொள்ளும் ஒரு தோட்டத் தொழிலாளியை அதிலே காண்கிறோம். எந்தத் துரையின் நூலிலும் நாம் காணாத மனிதன் அவன். 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவல் 1974இலும், 'நாமிருக்கும் நாடே' என்ற சிறுகதைத் தொகுதி 1979இலும் வெளிவந்தன. பாரதியின் சுதந்திரப் பாட்டை நினைவூட்டும் அத்தலைப்பை, பிரசாவுரிமை இல்லாதவர்களின் கதைகளுக்குச் சூட்டியிருப்பதில் உள்ள கசப்பை வாசகர் உணர்வர். 2000இல் வெளிவந்த 'மலையகச் சிறுகதை வரலாறு' அவருடைய ஆராய்ச்சி நூல். 2022 அக்டோபரில் அவர் காலமானார்.

பதுளையிலே எண்கோண வடிவில் அமைந்த பழைய வெலேகடைச் சந்தைக் கட்டடம், பின்னாளில் பொது நூலகமாக மாற்றப்பட்டது. நூலகத்துக்குச் செல்லும் மாணவர், அடுத்த விடுமுறையில் ஒரு சாகச நூலும் ஒரு சரித்திர நூலும் ஒரு நாவலுமாக மும்மூன்றாகப் படித்துப் பார்க்கட்டும். ஆங்கிலம் கடினமாயின், ஜாக் லண்டனின் நாவலைப் பெ. தூரன் 'கானகத்தின் குரல்' என்று தமிழாக்கித் தந்திருப்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு நாயின் கதைதான் அது; ஆனால் சுமையிழுப்பவர் பக்கம் நின்று சொல்லப்பட்ட கதை. பேக்கரைப் படித்த கையோடு டேவியைப் படிக்கலாம். அதன்பின் ஜோசப்பை எடுக்கும்போது அட்டையிலுள்ள பெயரைச் சற்று நின்று கவனியுங்கள். 'தெளிவத்தை' என்பது அவருடைய குலப்பெயருமன்று, பட்டமுமன்று. தாம் வேலை பார்த்த ஊவாத் தோட்டத்தின் பெயரையே அவர் தம் பெயருக்கு முன்னே வைத்துக்கொண்டார்.